கட்டினவன் காது

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். இதை என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் என் வயதுக் கராஜ்காரர்களில் கெட்டிக்காரர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். சிலர் அதற்கும் அங்கால் போய்விட்டார்கள். மிச்சம் கிடப்பது நான். போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்து அதன் அளவைத் தயங்காமல், பிழையாகச் சொல்லக்கூடியவன்.

எஞ்சினை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே படம் பிடித்துக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து நானும் சிலதைத் திருத்திக்கொண்டேன், கொஞ்சம் பிந்தித்தான். போனில் வராத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு வேலை முடிந்து, சுற்றி நிற்கிற எல்லாருக்கும் சந்தோசமாக இருக்கும். உங்களுக்கு மட்டும் எங்கோ ஒரு இடத்தில் உறுத்தும். அந்த இடத்தில் பக்கத்தில் ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

நான் பழகிய கராஜில் ஒரு சட்டம் இருந்தது. எஞ்சினைக் கட்டினவன் அதை வெளியே விடக் கூடாது. இன்னொருவன் வந்து காது கொடுக்க வேண்டும். அவன் கேட்கும்போது கட்டினவன் கேற்றுக்கு வெளியே போய் ரோட்டில் நிற்க வேண்டும், முகத்தைக் காட்டக் கூடாது. மற்றவன் சரி இல்லை என்று தலையாட்டினால் எஞ்சின் திரும்ப மேசைக்கு வரும். எதிர்த்து ஒரு சொல் பேச முடியாது. எங்களுக்குத் தொழில் பழக்கிய பெரிய பாஸ் கட்டிய எஞ்சினுக்கும் அதே சட்டம்தான். அவரும் வெற்றிலையை மென்றுகொண்டு ரோட்டில் நிற்பார்.

நான் சேர்ந்த புதிதில் அவருடைய எஞ்சின் ஒன்றுக்கு என்னைக் காது கொடுக்கச் சொன்னார். குனிந்து கேட்டேன். உள்ளே எங்கோ ஒரு உறுமல். சரி இல்லை என்று தலையாட்டிவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு முழுவதையும் கழற்றினார். உள்ளே பிழை எதுவும் இல்லை. திரும்பப் பூட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"காலையில சாப்பிட்டியா?"

"இல்ல பாஸ்."

"அந்தச் சத்தம்தான் அது. முதல்ல போய்ச் சாப்பிடு. மறுகா வந்து கேள்."

அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. சாப்பிட்டு வந்து மீண்டும் கேட்டேன், சரி என்றேன். அப்போதுதான் வண்டி வெளியே போனது. என் வயிற்றை நம்பி ஒரு எஞ்சினைக் கழற்றிய மனிதர் அவர். அவர் சொல்லித் தந்தவற்றில் பாதி மறந்துபோயிற்று. ஒன்று மட்டும் நிற்கிறது. எஞ்சின் இழுக்கும்போது கேட்காதே, அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கும்போது கேள். உழைக்கிற நேரத்தில் எதுவும் நல்ல சத்தம்தான் போடும் என்பார்.

இனி என் கதை. பிற்காலத்தில் நான் சொந்தமாக நடத்திய கராஜை மூடிவிட்டுப் பின்னால் இருக்கிற வீட்டில் தனியாக இருந்தேன். மனைவி இறந்துபோனாள். மகனும் மகளும் தூர தேசத்தில். வீடியோவில் வருவார்கள். நான் போனைப் பிடிக்கிற பிடியில் அவர்களுக்கு என் நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபேனும்தான் தெரியும். "அப்பா, ஃபேன் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைப்பார்கள். மற்ற நேரங்களில் நான் கிணற்று மோட்டரோடு பேசினேன். அது நல்ல மோட்டர். பேசும்போது குறுக்கே விழாது.

வெளிநாட்டில் இருந்து வாகனமும் வராமல் பாகங்களும் வராமல் நின்றிருந்த காலம். அன்சார் என்று ஒருவன் ஒரு பழைய நீள வேகனை லேண்ட்மாஸ்டரில் கட்டி இழுத்துக்கொண்டு காத்தான்குடியிலிருந்து என்னிடம் வந்தான். லேண்ட்மாஸ்டர் தெரியும்தானே, வயல் வட்டையில் உழுகிற அந்த இரண்டு சில்லு மெசின். எலி யானையை இழுத்துக்கொண்டு வந்தது மாதிரி இருந்தது.

"பாஸ், இதுக்கு ஒரு எஞ்சின் வேணும்."

"எனக்கும் ஒண்டு வேணும் தம்பி. நெஞ்சுக்குள்ள வெக்கிறதுக்கு. எங்கயும் கிடைக்குதில்ல."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்சார் கட்டாரில் பல வருடம் லொறி ஓட்டியவன். அப்போதுதான் திரும்பி வந்திருந்தான். வந்த அன்று அவனுடைய சின்ன மகள் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாப்பாவைக் காட்டுங்க" என்று உம்மாவிடம் போனைக் கேட்டாளாம். அவளுக்கு வாப்பா என்றால் போனுக்குள் இருக்கிறவர். இதைச் சொல்லும்போது பகிடி மாதிரித்தான் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுக் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து, தேவையே இல்லாமல் துடைத்தான்.

பழைய கம்பனி அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போகாமல் இருக்க ஒரு வழி இருந்தது. கிழக்கே எங்கள் எழுவான்கரையிலிருந்து பாலத்தால் வாவியைத் தாண்டி, மேற்கே படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் படிப்பிக்கப் போகிற ஆசிரியைமார் நிரந்தரமாக ஒரு வாகனம் தேடினார்கள். பள்ளித் தவணை தொடங்கும்போது வாகனம் தயாராக இருந்தால் அந்த ஹயர் ஓட்டம் அவனுக்கு. இல்லையென்றால் கட்டார். அவனுடைய மாமா விட்டுவிட்டுப் போன அந்த வேகனில் எட்டுப் பேர் வசதியாக இருக்கலாம். ஆனால் அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் இறுகிச் செத்துப்போயிருந்தது. அந்தச் சாதி எஞ்சின் அப்போது நாட்டிலேயே கிடைக்காது.

என் முற்றத்தில் இரண்டு சின்னக் கார்களின் எஞ்சின்கள் கிடந்தன. இரண்டும் ஒரே சாதி, மூன்று மூன்று சிலிண்டர். ஒன்றை வைத்தால் வேகன் உருளும், பாலத்தில் ஏறாது.

"அப்ப ரெண்டையும் ஒட்டுவம்" என்றேன், பகிடியாக.

என் பகிடியை அவன் நம்பினான். அவன் நம்பிய முகத்தைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன். எங்கள் தொழிலில் பெரிய வேலைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

ஒன்றின் பின்னால் ஒன்றாக வைத்தோம். பின் எஞ்சின் கியர்பொக்ஸோடு சேரும். முன் எஞ்சின் பின் எஞ்சினின் மூக்கோடு சேரும். முதல் தடவை இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்கும்படி பூட்டிவிட்டேன். ஸ்டார்ட் பண்ணியதும் வேகன் நின்ற இடத்தில் துள்ளியது. மதிலில் இருந்த பூனை இன்றுவரை திரும்பி வரவில்லை. பிறகு ஒன்று வெடித்து ஓய மற்றது வெடிக்கும்படி மாற்றினேன். ஒவ்வொரு நாளும் அன்சார் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவான். கையில் ஒரு சாப்பாட்டுக் கெரியர் இருக்கும். அவன் மனைவி எனக்கும் சேர்த்துக் கறி அனுப்புவாள். கராஜுக்குள் இரண்டு பேர் பேசுகிற சத்தம் கேட்டு நானே சில நேரம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். கிணற்று மோட்டருக்குக் கோபம் வந்திருக்கும்.

இரண்டு எஞ்சினுக்கும் நடுவில் ஒரு இணைப்பு வேண்டும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஒரு பழைய படகில் இருந்து கழற்றியது கிடைத்தது. இரண்டு இரும்புத் தட்டு, நடுவில் தடித்த றப்பர். றப்பர் காய்ந்து வெடித்திருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்பையும் இரும்பையும் நேராகச் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கினேன். பார்க்க அழகு. ஒரே தாய் பெற்ற எஞ்சின் மாதிரி இருந்தது. அந்த அழகைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் மயங்கி நின்றேன்.

தவணை தொடங்குவதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆசிரியைமார் சார்பில் ஒரு மிஸ் பார்க்க வந்தார். அன்சார் வெள்ளைச் சேட் போட்டிருந்தான். நான் ஷேவ் எடுத்திருந்தேன். ஸ்டார்ட் பண்ணினோம். ஆறு சிலிண்டரும் பட்டு மாதிரி ஓடின. மிஸ் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. சீற்றில் இருந்து பார்த்தார், ஜன்னலை இறக்கி ஏற்றிப் பார்த்தார்.

"சத்தம் நல்லா இரிக்கே. தையல் மிசின் மாதிரி" என்றார்.

அன்சார் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் பல் எல்லாம் தெரியும்படி சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அந்த நேரம் அவன் கால் அக்சிலேற்றரில் இருந்து எழும்பியது. எனக்குக் கேட்டது. ஒரு சின்ன 'டிக்'. தகரத்தில் நகத்தால் ஒரு தடவை தட்டினது மாதிரி.

இன்னொரு தரம் ஏற்றி இறக்கச் சொன்னேன். கேட்டது போல இருந்தது. மறுபடியும் சொன்னேன். கேட்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகச் சாப்பிட்டிருந்தேன்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். காது கொடுக்க இன்னொருவன் வேண்டும். அன்சார் என்னோடு சேர்ந்து கட்டியவன். அவனுக்குக் கேட்டதெல்லாம் மகளின் குரல்தான். மிஸ்ஸுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். எனக்கு அவன் இங்கேயே இருக்க வேண்டும், பின்னேரம் அந்தக் கெரியரோடு வர வேண்டும். அந்த முற்றத்தில் இருந்த எல்லாக் காதும் அந்த எஞ்சின் சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட காது. கேற்றுக்கு வெளியே போய் நிற்க நான் ஆயத்தம். உள்ளே நின்று கேட்கத்தான் ஆள் இல்லை.

என்னோடு பழைய கராஜில் வேலை செய்த ஒருவர் கனடாவில் இருக்கிறார். நல்ல காது. அவருக்குப் போன் எடுத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை.

"ஆர் செத்தது?" என்றார் எடுத்ததும்.

"ஒருத்தரும் சாகல்ல. ஒரு எஞ்சினைக் கேட்டுச் சொல்லு."

"உனக்கு விசராடா?"

போனைப் பொனட்டுக்குள் பிடித்தேன். அன்சார் ஏற்றி இறக்கினான். அவர் நல்லா நேரம் எடுத்துக் கேட்டார்.

"என்ன, கேக்குதா?"

"கேக்குது. உன்ட மூச்சுத்தான் கேக்குது. வண்டில் மாடு மாதிரி. எஞ்சின் ஓடுதா?"

இந்தப் போன்கள் எஞ்சின் சத்தத்தை வெறும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகின்றன. மனிதச் சத்தத்தை மட்டும்தான் அனுப்புகின்றன. நல்ல நோக்கத்தோடுதான் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அது உதவவில்லை.

"அன்சார், நாளைக்கு வேணாம்" என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்தார். அன்சார் எஞ்சினை நிறுத்தினான். நிறுத்தியதும் வாவிப் பக்கமிருந்து காற்று வருகிற சத்தம்தான் கேட்டது.

"என்னத்துக்கு பாஸ்?"

"ஒரு சத்தம்."

"எனக்குக் கேக்கல்லயே."

"எனக்கும் சரியாக் கேக்கல்ல."

இதைவிட முட்டாள்தனமான பதிலை என் தொழிலில் நான் சொன்னதில்லை. ஆனால் அதுதான் உண்மை. மிஸ் நல்லவர், கோபப்படவில்லை. "அங்கிள், எங்களுக்கும் பள்ளிக்கூடத்தில வரவு பதியிற கைரேகை மெசின் இரிக்கு. அது ஆருக்கும் நிக்காது. பின்னேரத்துக்குள்ள சொல்லுங்க" என்றுவிட்டுப் போனார்.

"நெல் மூடை எட்டு வாங்கிட்டு வா" என்றேன் அன்சாரிடம். "மிஸ்மார் இரிக்கிற இடமெல்லாம் மூடையை வைப்பம். பாலத்தில ஏறி இறங்கிப் பாப்பம். ஒண்டும் நடக்கல்ல எண்டா நாளைக்குக் கொண்டு போ. நான் வாயைத் திறக்கமாட்டன்."

"மிஸ்மாருக்குப் பதிலா நெல்லா?"

"நெல்லு வீட்ட போய் முறைப்பாடு சொல்லாது மனே."

பக்கத்து மில்லில் மூடை வாங்கி வந்து சீற்றுகளில் நிமிர்த்தி வைத்தோம். முன் சீற்றில் வைத்த மூடைக்கு அன்சார் பெல்ட்டும் போட்டான். "இவ பள்ளிக்கூட அதிபர்" என்றான். அவன் அப்படிப் பகிடி விட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் பின்னால் இரண்டு மூடைகளுக்கு நடுவில் இருந்தேன். இரண்டும் என்னோடு பேசவில்லை. வீட்டில் இருப்பது மாதிரியே இருந்தது.

மண்முனைப் பாலத்தில் வேகன் ஏறிய ஏற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூச்சே விடாமல் ஏறியது. இரண்டு பக்கமும் வாவி மினுங்கியது. தோணியில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அன்சார் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எங்க பாஸ் சத்தம்?" என்றான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. கிழவா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னையே ஏசினேன்.

இறக்கத்தில் அவன் காலை எடுத்தான்.

துவக்குச் சூடு மாதிரி ஒரு சத்தம். முன் எஞ்சின் பிடிப்பு விட்டுத் தனியே அலறியது. யுத்தத்தைக் கடந்து வந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அப்படிச் சத்தம் கேட்டால் எஞ்சின் ஞாபகம் வருவதில்லை. அன்சார் தலையைக் குனிந்துகொண்டே பிரேக் போட்டுத் திறப்பைத் திருப்பி நிறுத்தினான். இறங்கிப் பார்த்தோம். நான் இறுக்கிய இணைப்பின் போல்ட்டுகள் வெட்டுண்டு போயிருந்தன. ஒரு போல்ட்டின் தலை பொனட்டைத் துளைத்து மேலே வந்து, முன் கண்ணாடியை இடப் பக்கத்தில் அடித்திருந்தது. அதிபர் மூடையின் மேல் முழுவதும் கண்ணாடித் தூள். மூடை ஒன்றும் சொல்லவில்லை.

அன்சார் அந்த மூடையின் மேல் இருந்த தூளைக் கையால் தட்டிவிட்டான், ஒரு ஆளின் தோளைத் தட்டுவது மாதிரி. பிறகு பாலத்தின் ஓரச் சுவரில் போய் உட்கார்ந்தான்.

"நீங்க சொல்லாம இரிந்திருந்தா ரெண்டு மூணு நாள் ஓடியிருக்கும் பாஸ்."

"ஓம். ஓடியிருக்கும்."

"அதுக்குப் பொறகு?"

நான் கீழே கிடந்த வெட்டுண்ட போல்ட் ஒன்றைப் பொறுக்கிச் சேட் பையில் போட்டேன்.

நடந்தது இதுதான். இரண்டு எஞ்சினும் தங்கள் தங்கள் காலில் நின்று தங்கள் பாட்டுக்கு ஆடும். இழுக்கும்போது இரண்டும் ஒரே பக்கம் தள்ளும், தெரியாது. காலை எடுத்ததும் ஒன்று கொஞ்சம் முந்தும், மற்றது கொஞ்சம் பிந்தும். நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்று வேண்டும். படகுக்காரர்கள் அதற்குத்தான் றப்பரை வைத்திருந்தார்கள். நான் அழகுக்காக அதை எறிந்தேன். இதை வைத்துக் கலியாண வீட்டில் வாழ்த்துரை சொல்லலாம் என்று எனக்கும் தெரியும். சொல்லமாட்டேன். றப்பரை எறியாதீர்கள், அவ்வளவுதான்.

பின் எஞ்சினின் மூன்று சிலிண்டரோடு, பாலத்து ஏற்றத்தில் நான் இறங்கித் தள்ள, ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தோம். றப்பருக்குப் பதிலாக மில்லில் ஓடுகிற தடித்த பெல்ட்டை வட்டமாக வெட்டிப் போடலாம், தட்டுகளை லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும், ஒரு கிழமை தா என்றேன். மிஸ்ஸிடம் கேட்டுப் பார்த்தான். கைரேகை மெசின் ஒரு கிழமை நிற்கவில்லை. அவர்களுக்கு வேறு வேன் கிடைத்தது. அன்சார் கட்டாருக்குப் போனான்.

போகும் முன் வேகனின் திறப்பைக் கொண்டு வந்து தந்தான். கெரியரும் கொண்டு வந்தான்.

"கோபமா மனே?"

"இரிந்திச்சி. மறுகா அந்த மூடைய நினைச்சன்." வேகனின் கதவை ஒரு தரம் திறந்து சாத்தினான். "முடிச்சா உடன வெளிய விடாதீங்க பாஸ். வேற ஆள் ஒராள் காது குடுக்கட்டும்."

சட்டத்தை அவனுக்கு எப்போது சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வேலையை முடித்துவிட்டேன். பெல்ட் வட்டம் நன்றாகப் பிடிக்கிறது. காலை எடுக்கும்போது அந்த 'டிக்' இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நான் கட்டினவன். அதனால் வேகன் கராஜுக்குள்ளேயே நிற்கிறது. உங்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கேற்றைத் திறந்து விட்டு நான் ரோட்டில் நிற்கிறேன். சரி இல்லை என்று சொன்னால் கழற்றுவேன், வருத்தப்படமாட்டேன். திரும்பவும் ஒரு முறை கழற்றிப் பூட்ட வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆசையும் உண்டு.

வெள்ளிக்கிழமைகளில் அன்சாருக்கு லீவு. ஜும்ஆத் தொழுகை முடிந்து போன் எடுப்பான். "ஸ்டார்ட் பண்ணுங்க பாஸ், கேப்பம்" என்பான். நானும் பொனட்டைத் திறந்து போனை உள்ளே நீட்டிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஏற்றி இறக்குவேன். போனில் எஞ்சின் கேட்காது என்று எனக்குத் தெரியும். கனடாவுக்குப் போன் எடுத்த அன்று பக்கத்தில் இருந்தவன் அவன், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பான். "நல்லா இரிக்கு பாஸ்" என்பான். வைப்போம்.

போன வெள்ளிக்கிழமையும் பிடித்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் பேசாமல் இருந்தான்.

"என்ன தம்பி, சரியில்லையா?"

"எஞ்சின் நல்லா இரிக்கு பாஸ். உங்கட மூச்சுத்தான் இழுக்குது. போன கிழமையும் இழுத்திச்சி. டொக்டரிட்ட போனீங்களா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மற்றவன் காது கொடுத்துச் சொன்னால் எதிர்த்து ஒரு சொல் பேச முடியாது.

அடுத்த நாள் டொக்டரிடம் போனேன்.